கல்லும் சாட்சியும்: அமெரிக்க ஆலயங்களும் கட்டடக்கலை வரலாற்றாசிரியரின் பணியும்

முன்னுரை

திருச்சபை வரலாற்றைப் பயில்வோர் பெரும்பாலும் ஏடுகளையே நாடுகின்றனர். மாமன்றங்களின் தீர்மானங்கள், மிஷனெரிமாரின் கடிதங்கள், சபைப் பதிவேடுகள் ஆகியவையே நமக்குச் சான்றுகளாக அமைகின்றன. ஆராதனை நடைபெறும் கட்டடமும் ஒரு சான்று என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஏட்டைப் படிக்கப் பயிற்சி வேண்டியிருப்பதுபோல் கட்டடத்தைப் படிக்கவும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியைத் தொழிலாகக் கொண்டவர் கட்டடக்கலை வரலாற்றாசிரியர். ஐக்கிய அமெரிக்காவில் இவர் பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடுவதில்லை. நெடுஞ்சாலைத் துறையிலும், நகரத் திட்ட அலுவலகத்திலும், மாநில அரசின் மரபுப் பாதுகாப்பு அலுவலகத்திலும், தனியார் ஆலோசனை நிறுவனங்களிலும் பணியாற்றுகிறார். ஒரு சாலையோ பாலமோ அமைப்பதற்கு முன், அதனால் எந்தப் பழைய கட்டடம் பாதிக்கப்படும், அக்கட்டடம் எதனால் சிறப்புடையது என்று ஆராய்ந்து எழுதித் தருவது இவருடைய கடமை.

இப்பணி எவ்வாறு தோன்றிற்று, எம்முறையில் நடைபெறுகிறது, ஆலயங்களைப் பொறுத்தவரையில் அது எத்தகைய வழக்குகளை எழுப்பிற்று என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சியினூடே ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழும். ஓர் ஆலயக் கட்டடம் யாருக்கு உரியது? அதனைக் கட்டிப் பழுதுபார்த்து அதில் தொழுதுவரும் சபையாருக்கா? அதனோடு தம் நினைவைப் பிணைத்துக்கொண்ட ஊராருக்கா? இதற்கு நீதிமன்றங்கள் விடை கூறியுள்ளன. எனினும் அவ்விடைக்கு முன்னரே அறியப்பட வேண்டியது ஒன்றுண்டு. அக்கட்டடம் எதற்குச் சாட்சியாக நிற்கிறது என்பதே அது. அதனைச் சொல்லவேண்டியவர் வரலாற்றாசிரியர். அவர் குறைவுபடச் சொன்னால், பின்னர் நடைபெறும் வழக்கும் குறைவுபட்டதாகவே முடியும்.

1. ஏலத்தில் விடப்பட்ட ஆராதனை இல்லம்

பாஸ்டன் நகரின் 'ஓல்டு சௌத்' ஆராதனை இல்லம் 1729-இல் கட்டப்பட்டது. தூய்மைவாதிகளின் வழிவந்த சபையார் எழுப்பிய அவ்வில்லம், அக்காலத்து பாஸ்டனில் மிகப் பெரிய கட்டடமாக விளங்கியது. ஆதலால் ஊர்ப் பொதுக்கூட்டங்களும் அங்கேயே நடைபெற்றன. 1773 டிசம்பர் 16-ஆம் நாள், தேயிலை வரியை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் திரண்டது அங்கேதான். அதன்பின்னரே துறைமுகத்துக் கப்பல்களிலிருந்த தேயிலை கடலில் எறியப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர்க் கவிஞராகப் புகழ்பெற்ற ஃபிலிஸ் வீட்லி இச்சபையின் உறுப்பினர். விடுதலைப் போரின் தொடக்கத்தில் பிரித்தானியப் படையினர் உள்ளிருந்த இருக்கைகளைப் பெயர்த்து எறிந்து, இவ்வில்லத்தைக் குதிரைப் பயிற்சிக் கூடமாக்கினர்.

1872-ஆம் ஆண்டின் பெருந்தீயிலும் இக்கட்டடம் தப்பிற்று. ஆனால் சபையார் நகரின் புதிய பகுதிக்குக் குடிபெயர்ந்து, அங்கே வேறோர் ஆலயத்தைக் கட்டிக்கொண்டனர். பழைய இடம் கடைத்தெருவின் நடுவே இருந்தமையால் நிலத்தின் விலை உயர்ந்துவிட்டது. 1876-இல், இடித்துப் பொருள்களை எடுத்துக்கொள்ளும் உரிமையோடு கட்டடம் ஏலத்தில் விடப்பட்டது. ஏலத்தொகை 1,350 டாலர். இடிக்கும் வேலையும் தொடங்கிற்று. அந்நிலையில் பாஸ்டன் நகரத்துப் பெண்கள் முன்வந்து அவகாசம் பெற்றனர். நிலத்தோடு அதனை மீட்க நான்கு இலட்சம் டாலர் தேவைப்பட்டது. பெருமுயற்சியால் கட்டடம் மீட்கப்பட்டு, 1877 முதல் பொதுமக்களுக்குரிய நினைவிடமாயிற்று.

இந்நிகழ்ச்சியில் சபையாரைக் குறைகூறுவதற்கு இடமில்லை. கட்டடத்திற்கெனத் தனிப் புனிதம் கிடையாது, கூடிவரும் மக்களே சபை என்பது அவர்களுடைய மரபு. ஆராதனை இல்லத்தை 'ஆலயம்' என்று அழைக்காமல் 'கூடுமிடம்' என்றே அவர்கள் அழைத்தனர். மக்கள் குடிபெயர்ந்தபின் வெற்றுக் கட்டடத்தை விற்பது அவர்களுடைய இறையியலுக்கு முரணன்று. ஆயினும், சபையார் விட்டுச்சென்ற சுவர்களில் ஊரார் தங்கள் வரலாற்றைக் கண்டனர். ஒரே கட்டடம் இருவருக்கு இருவேறு பொருள் தந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு இயக்கத்தின் தொடக்க வெற்றிகளுள் ஒன்றான இந்நிகழ்ச்சியிலேயே பிற்காலத்து வழக்குகளின் வித்து அடங்கியிருந்தது.

2. இடிபாட்டிலிருந்து பிறந்த சட்டம்

பழைய கட்டடங்களைக் காக்கும் எண்ணம் அமெரிக்காவில் முதலில் நாட்டுப்பற்றின் விளைவாகவே தோன்றிற்று. 1816-இல் பிலடெல்பியா நகரம், விடுதலைச் சாசனம் ஏற்கப்பட்ட மண்டபத்தை 70,000 டாலருக்கு மாநில அரசிடமிருந்து வாங்கிற்று. ஆன் பமீலா கன்னிங்ஹாம் எனும் அம்மையார் தொடங்கிய பெண்கள் சங்கம், ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் இல்லத்தை 200,000 டாலருக்கு வாங்க 1858-இல் உடன்படிக்கை செய்தது. பெரியோர் வாழ்ந்த வீடு, பெருநிகழ்ச்சி நடந்த மண்டபம் என்பவையே அன்று காக்கத்தக்கனவாகக் கருதப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டில் நோக்கம் விரிந்தது. 1931-இல் சார்ல்ஸ்டன் நகரம், தனிக் கட்டடத்தை மட்டுமின்றி ஒரு பகுதி முழுவதையும் பாதுகாக்கும் விதியை முதன்முதலாக இயற்றிற்று. 1933-இல், பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்திருந்த கட்டடக்கலைஞர்களைக் கொண்டு பழைய கட்டடங்களை அளந்து வரையும் திட்டத்தைச் சார்லஸ் பீட்டர்சன் முன்மொழிந்தார். 'அமெரிக்க வரலாற்றுக் கட்டட அளவாய்வு' என்று பெயர்பெற்ற அத்திட்டத்தின் வரைபடங்களும் நிழற்படங்களும் நாடாளுமன்ற நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. இடிந்து மறைந்த பல கட்டடங்கள் இன்று அவ்வரைபடங்களிலேயே எஞ்சியுள்ளன.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நிலைமை கடுமையாயிற்று. 1949-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டமும் 1956-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டமும் நகரங்களின் பழைய பகுதிகளை அகற்றுவதற்கு நடுவண் அரசின் பணத்தை வாரி வழங்கின. ஏழைகளும் கறுப்பின மக்களும் வாழ்ந்த பகுதிகளே பெரிதும் அழிக்கப்பட்டன. அப்பகுதிகளோடு அவற்றின் ஆலயங்களும் மறைந்தன. இடிப்பதற்கான பணம் நடுவண் அரசிடமிருந்து வந்தமையால், அதனைக் கட்டுப்படுத்தும் விதியும் அங்கிருந்தே வரவேண்டியதாயிற்று.

1963-ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. செப்டம்பர் 15-ஆம் நாள் ஞாயிறன்று, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், பதினாறாம் தெரு பாப்திஸ்து ஆலயத்தில் இனவெறியர் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். அக்டோபர் 28-ஆம் நாள், நியூயார்க்கில் 1910-இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா இரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கினர். மரபுப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டாவது நிகழ்ச்சியையே திருப்புமுனையாகக் கூறுவர். அப்பேரழகுக் கட்டடத்தின் இழப்பு நாட்டை உலுக்கியது உண்மை. 1965-இல் நியூயார்க் நகரம் தன் மரபுச் சின்னச் சட்டத்தை இயற்றிற்று. 1966 அக்டோபர் 15-ஆம் நாள், குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தேசிய மரபுப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். முதலாவது நிகழ்ச்சிக்கு அவ்வியக்கம் செவிகொடுக்க நெடுங்காலம் ஆயிற்று. இதனைப் பின்னர்க் காண்போம்.

1966-ஆம் ஆண்டுச் சட்டம் 'வரலாற்றிடங்களின் தேசியப் பதிவேடு' ஒன்றை விரிவாக அமைத்தது. அதன் 106-ஆம் பிரிவே நம் ஆய்வுக்கு முதன்மையானது. நடுவண் அரசின் பணமோ இசைவோ பெறும் எந்தத் திட்டமும், தேசியப் பதிவேட்டில் இடம்பெற்ற அல்லது இடம்பெறத் தகுந்த இடங்களுக்கு நேரும் விளைவை முன்கூட்டியே எண்ணிப்பார்க்க வேண்டும் என்பது அப்பிரிவின் ஆணை. இடிக்கக் கூடாது என்று அது தடுப்பதில்லை. நின்று, பார்த்து, கேட்டு, அதன்பின் முடிவுசெய்ய வேண்டும் என்றே அது பணிக்கிறது. இவ்வாறு கேட்கவேண்டியதைச் சொல்வதற்கு ஒருவர் தேவைப்பட்டார். கட்டடக்கலை வரலாற்றாசிரியர் அரசுப் பணிக்கு வந்தது இவ்வழியாகவே.

3. சாட்சி எழுதும் முறை

இப்பணிக்குரிய தகுதியை 1983-இல் வெளியிடப்பட்ட நெறிமுறைகள் வகுத்தன. கட்டடக்கலை வரலாற்றிலோ நெருங்கிய துறையிலோ முதுநிலைப் பட்டம் வேண்டும். இளநிலைப் பட்டம் மட்டும் உடையவராயின், அத்துறையில் இரண்டு ஆண்டுகளேனும் முழுநேரப் பணியோ, ஆய்வின் வாயிலாக அறிவுலகிற்கு அளித்த குறிப்பிடத்தக்க பங்களிப்போ வேண்டும். மூத்த வரலாற்றாசிரியர் என்பவர் இத்தகுதியோடு நெடிய அனுபவமும் உடையவர். இளையவர்கள் தெருத்தெருவாகச் சென்று கட்டடங்களைப் பதிவுசெய்து வருவர். எது சிறப்புடையது, எது அன்று என்று தீர்மானித்து, அறிக்கைக்குப் பொறுப்பேற்பவர் மூத்தவர். பொது விசாரணையில் நின்று சாட்சி சொல்பவரும் அவரே.

பதிவேட்டில் இடம்பெற நான்கு அளவுகோல்கள் உள்ளன. நாட்டு வரலாற்றின் முக்கிய நிகழ்ச்சிகளோடு தொடர்பு, குறிப்பிடத்தக்க மாந்தரோடு தொடர்பு, வடிவிலும் கட்டுமானத்திலும் தனிச்சிறப்பு, வரலாற்றுக்கு முந்திய காலத்தையோ வரலாற்றுக் காலத்தையோ பற்றிப் புதுச் செய்தி தரும் ஆற்றல் என்பன அவை. இவற்றுள் ஒன்றேனும் பொருந்த வேண்டும். அதோடு, கட்டடம் தன் நிலை குலையாதிருக்க வேண்டும். இந்நிலையை ஏழு கூறுகளாகப் பிரிப்பர். இருப்பிடம், வடிவமைப்பு, சூழல், கட்டுமானப் பொருள், கைத்திறன், உணர்வு, தொடர்பு என்பவை அவை. முதல் ஐந்தையும் அளவுகோலாலும் கண்ணாலும் ஆராயலாம். இறுதி இரண்டும் அவ்வாறல்ல. அக்கட்டடத்தோடு வாழ்ந்தவர்களைக் கேளாமல் அவற்றை அறிய இயலாது.

ஆலயங்களுக்கு மற்றொரு விதியும் உண்டு. சமயத்திற்குரிய கட்டடங்கள் பொதுவாகப் பதிவேட்டில் சேர்க்கப்படுவதில்லை. கட்டடக்கலைச் சிறப்பாலோ, கலைச் சிறப்பாலோ, வரலாற்று முக்கியத்துவத்தாலோ அவை மேன்மை பெற்றிருந்தால் மட்டுமே விலக்கு உண்டு. எந்தச் சமயத்தின் உண்மையைப் பற்றியும் அரசு தீர்ப்புக் கூறுவதாகத் தோன்றலாகாது என்பதே இதன் காரணம். ஆகவே, 'இங்கே மக்கள் நூறாண்டுகளாகத் தொழுதனர்' என்று எழுதுவது போதாது. அத்தொழுகையால் ஊரின் வரலாற்றில் விளைந்தது என்ன என்று காட்ட வேண்டும்.

கட்டடத்தைப் படிக்கும் முறை, மறைநூலின் கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு ஆராயும் முறையைப் பெரிதும் ஒத்திருக்கிறது. ஆணிகளைக் காண்க. கொல்லர் கையால் அடித்த ஆணி பழமையானது. இயந்திரத்தால் வெட்டப்பட்ட ஆணி பத்தொன்பதாம் நூற்றாண்டினது. கம்பி ஆணி அந்நூற்றாண்டின் இறுதியில் பரவிற்று. மரத்தில் நேர்க்கோடாக விழுந்த அறுவைத் தழும்பு ஒரு காலத்தையும், வட்ட வாளின் வளைந்த தழும்பு பிறிதொரு காலத்தையும் சுட்டும். வண்ணப்பூச்சின் அடுக்குகளை நுண்ணோக்கியால் எண்ணலாம். சான்பார்ன் நிறுவனம் தீக்காப்பீட்டிற்காக வெளியிட்ட நகர வரைபடங்களில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பாகவும், மரக்கட்டடம் மஞ்சளாகவும், கல் கட்டடம் நீலமாகவும் தீட்டப்பட்டிருக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளின் வரைபடங்களை ஒப்பிட்டால், எந்தப் பகுதி எப்போது சேர்ந்தது என்று தெளிவாகும். நிலப் பத்திரங்களும் மக்கட்தொகைக் கணக்கும் சபையின் கணக்கேடும் இவற்றோடு ஒப்பிடப்படும்.

இடைச்செருகலைக் கண்டவுடன் அதனைக் குற்றமென்று தள்ளுவது நல்ல ஆய்வாளனின் முறையன்று. யார், எப்போது, எதற்காகச் சேர்த்தனர் என்று கேட்பதே முறை. பழைய அமெரிக்க ஆலயங்கள் சிலவற்றில் மேல்மாடத்திற்குச் செல்லத் தனியான குறுகிய படிக்கட்டு உண்டு. அழகை மட்டும் நோக்குபவர் அதனைக் கடந்து போவார். அது அடிமைகளும் கறுப்பின மக்களும் வெள்ளையரின் கண்ணில் படாமல் ஏறிச்சென்ற வழியாக இருக்கலாம். சபையின் ஏட்டில் ஒரு வரியும் எழுதப்படாத செய்தியை அப்படிக்கட்டு சொல்லக்கூடும்.

இப்பணியில் ஒரு சோதனையும் உண்டு. ஆலோசனை நிறுவனத்தில் பணிபுரியும் வரலாற்றாசிரியருக்கு ஊதியம் தருபவர் பெரும்பாலும் சாலையோ கட்டடமோ அமைக்க விரும்புகிறவரே. 'சிறப்பு ஏதுமில்லை' எனும் ஒரு வரி அவருக்கு மாதக்கணக்கான காலத்தை மிச்சப்படுத்தும். மறுபுறம், பழமையில் கொண்ட காதலால், ஒவ்வொரு கட்டடத்தையும் ஈடிணையற்றதென்று எழுதும் சோதனையும் உண்டு. இரண்டும் பொய்ச்சாட்சியே. முடிவு செய்யும் அதிகாரம் வரலாற்றாசிரியரிடம் இல்லை. இடிப்பதே முடிவாயின், அதற்கு ஈடாகக் கட்டடத்தை அளந்து வரைதல், நிழற்படமெடுத்தல், முதியோரின் நினைவுகளைப் பதிவுசெய்தல் போன்றவற்றை உடன்படிக்கையில் சேர்க்கலாம். இவ்வளவே அவர் கையிலுள்ளது. ஆயினும், அவர் எழுதாததை விசாரணைக் குழு அறியாது, நீதிமன்றமும் அறியாது.

4. மூன்று வழக்குகள்

நகரங்களின் மரபுச் சின்னச் சட்டங்கள் தேசியச் சட்டத்தைவிடக் கடுமையானவை. அவை உரிமையாளரைத் தடுக்கவே வல்லன. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தைப் பற்றிய வழக்கில், இத்தகைய சட்டம் செல்லுபடியாகும் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரயில் நிறுவனத்திற்குப் பொருந்தும் விதி சபைக்கும் பொருந்துமா என்ற கேள்வி உடனே எழுந்தது.

முதல் வழக்கு நியூயார்க்கின் புனித பர்த்தொலொமேயு ஆலயத்தைப் பற்றியது. பெர்ட்ரம் குட்ஹியூ வரைந்த இந்த எபிஸ்கோபல் ஆலயமும், அதனை அடுத்த சமூகக் கூடமும் 1967-இல் மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. 1980-களில் சபை நிர்வாகத்தினர், சமூகக் கூடத்தை இடித்து அங்கே அலுவலகக் கோபுரம் கட்ட விரும்பினர். முதலில் 59 மாடிகளும், அது மறுக்கப்பட்டபின் 47 மாடிகளும் கேட்டனர். அதன் வருவாயால் ஆலயத்தைப் பழுதுபார்க்கவும் ஏழைகளுக்கான ஊழியத்தை விரிவாக்கவும் இயலும் என்பது அவர்கள் வாதம். சபையாரிலேயே ஒரு பகுதியினர் இதனை எதிர்த்தனர். 1990-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சபைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இருக்கும் கட்டடத்தில் சபை தன் சமயப்பணியைத் தொடர முடியாதவாறு சட்டம் தடுத்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று அது கூறிற்று. 1991-இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்தது.

இரண்டாவது, டெக்சாஸ் மாநிலத்தின் பேர்னி எனும் சிற்றூரில் எழுந்தது. அங்குள்ள புனித பேதுரு கத்தோலிக்க ஆலயம் 1923-இல் பழைய ஸ்பானிய மிஷன் ஆலயங்களின் பாணியில் கட்டப்பட்டது. சுமார் 230 பேருக்கே அதில் இடமுண்டு. சபை பெருகியமையால் ஞாயிறுதோறும் சிலர் உள்ளே இடம்பெற இயலவில்லை. ஆலயத்தை விரிவாக்கப் பேராயர் இசைவளித்தார். வரலாற்றுப் பகுதிக்குள் அது அடங்குவதால் நகராட்சி மறுத்தது. சமய உரிமையைக் காக்க 1993-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைப் பேராயர் துணைக்கொண்டார். 1997 ஜூன் 25-ஆம் நாள், அச்சட்டத்தை மாநிலங்கள்மீது சுமத்த நாடாளுமன்றத்திற்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சட்டநூல்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். அதன்பின் நடந்ததே நமக்கு முக்கியம். வழக்கில் வென்ற நகராட்சியும் தோற்ற சபையும் அதே ஆண்டில் உடன்பாட்டிற்கு வந்தன. பழைய கட்டடத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தி, பின்புறத்தில் மிகப் பெரிய புதிய ஆராதனை மண்டபம் கட்ட வழி காணப்பட்டது. முன்னரே பொறுமையோடு கட்டடத்தை ஆராய்ந்திருந்தால், எந்தப் பகுதி இன்றியமையாதது, எங்கே விரிவாக்கலாம் என்று வழக்கின்றியே கண்டிருக்கலாம். 2000-இல் நாடாளுமன்றம், நிலப் பயன்பாட்டில் சமயக் குழுக்களைக் காக்கும் வேறொரு சட்டத்தை இயற்றிற்று.

மூன்றாவது வழக்கு மிகச் சிக்கலானது. வாஷிங்டன் நகரில், வெள்ளை மாளிகைக்கு அருகே, கிறிஸ்தவ விஞ்ஞான சபையின் மூன்றாம் ஆலயம் 1971-இல் கட்டப்பட்டது. பெய் நிறுவனத்தைச் சார்ந்த அரால்டோ கொசுட்டா இதனை எண்கோண வடிவில், பூசப்படாத கான்கிரீட்டால் அமைத்தார். சன்னல்கள் அரியன. மின்விளக்கை மாற்றுவதற்கே உள்ளே சாரம் கட்டவேண்டியிருந்தது. உறுப்பினர் தொகை குறைந்த சபைக்கு அதனைப் பராமரிப்பது பெருஞ்சுமையாயிற்று. அழைப்பதற்கு மாறாக அக்கட்டடம் மக்களைத் துரத்துகிறது என்றும் சபையார் முறையிட்டனர். எனினும் 2007-இல், சபையின் விருப்பத்திற்கு மாறாக, நகரின் பாதுகாப்பு வாரியம் அதனை மரபுச் சின்னமாக அறிவித்தது. அப்போது அதன் வயது 36. வரலாற்றாசிரியர்கள் அதன் கலைச்சிறப்பைப் பற்றிச் சொன்னவை பொய்யல்ல. இக்காலக் கட்டடக்கலையின் ஒரு கூறுக்கு அது நல்ல சான்றே. சபை வழக்குத் தொடுத்தது. 2009-இல், பொருளாதார நெருக்கடியை முன்னிட்டு இடிக்க இசைவளிக்கப்பட்டது. 2014-இல் கட்டடம் இடிக்கப்பட்டது.

இம்மூன்று வழக்குகளிலும் ஒரு பொதுக்கூறு உண்டு. கட்டடத்தின் வடிவத்தையும் பாணியையும் முகப்பையும் பற்றியே வாதங்கள் பெரிதும் நடைபெற்றன. மக்கள் அக்கட்டடத்திற்குள் என்ன செய்தனர் என்பது சமய உரிமை எனும் தலைப்பில் சட்டத்தரணிகளால் பேசப்பட்டது. சபையின் வாழ்வே கட்டடத்தின் வரலாற்றில் ஒரு பகுதி என்ற எண்ணம் ஓரமாகவே நின்றது.

5. ஒரே ஆலயம், இரு சாட்சிகள்

இக்குறையை மெம்பிஸ் நகரத்து ஆலயம் ஒன்று நன்கு விளக்குகிறது. 1892-இல் வெள்ளையரின் இரண்டாம் பிரஸ்பிதேரியன் சபை ஒரு பெரிய கல் ஆலயத்தைக் கட்டிற்று. 1949-இல் ஆப்பிரிக்க மெதடிஸ்து எபிஸ்கோபல் சபை அதனை வாங்கிக் கிளேபார்ன் ஆலயம் என்று பெயரிட்டது. 1968 பிப்ரவரியில், பழுதுற்ற குப்பை வண்டியில் நசுங்கி இரு துப்புரவுத் தொழிலாளர் மாண்டனர். சுமார் 1,300 கறுப்பினத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் நாள்தோறும் கூடி ஊர்வலமாகப் புறப்பட்ட இடம் கிளேபார்ன் ஆலயம். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டைகளை ஏந்தி அவர்கள் நடந்தனர். மார்ச் 28-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் கலந்துகொண்ட ஊர்வலம் கலைக்கப்பட்டபோது, ஆலயத்திற்குள் அடைக்கலம் புகுந்தவர்கள்மீதும் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. ஒரு வாரத்திற்குப்பின், ஏப்ரல் 4-ஆம் நாள், கிங் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

1979-இல் இவ்வாலயம் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இரண்டாம் பிரஸ்பிதேரியன் ஆலயம் என்ற பழைய பெயரோடு, கட்டடக்கலைச் சிறப்பை முன்னிட்டு, உள்ளூர் அளவில் முக்கியமானதாக அது பதிவாயிற்று. வேலைநிறுத்தம் நடந்து அப்போது பதினோர் ஆண்டுகளே கழிந்திருந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு உட்பட்ட நிகழ்ச்சிகளைப் பதிவேடு பொதுவாக ஏற்பதில்லை என்ற விதியும் இதற்கு ஒரு காரணமாகலாம். 2017-இல் அப்பதிவு திருத்தப்பட்டது. கிளேபார்ன் ஆலயம் என்ற பெயரில், வேலைநிறுத்தத்தில் அது ஏற்ற பங்கிற்காக, தேசிய அளவில் முக்கியமானதென்று அறிவிக்கப்பட்டது. கல் அதே கல், சுவர் அதே சுவர். எழுதியவர் கேட்ட கேள்வி மாறிற்று. யார் கட்டினர் என்று முன்னர்க் கேட்டனர். யார் இதிலிருந்து புறப்பட்டனர் என்று பின்னர்க் கேட்டனர்.

பர்மிங்ஹாம் ஆலயத்தின் வரலாறும் இத்தகையதே. கறுப்பினக் கட்டடக்கலைஞரான வாலஸ் ரேஃபீல்டு வரைந்து 1911-இல் முடிந்த அவ்வாலயம், 1980-இல் தேசியப் பதிவேட்டிலும், 2006-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் வரிசையிலும் இடம்பெற்றது. 2017-இல் அது அமைந்த பகுதி குடியுரிமைப் போராட்டத்தின் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல், கறுப்பினச் சபைகளின் ஆலயங்களைக் காப்பதற்கென்றே, லில்லி அறக்கட்டளையின் இரண்டு கோடி டாலர் கொடையால் தனித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. பென்சில்வேனியா நிலையத்திற்காக 1963-இல் எழுந்த இயக்கம், அதே ஆண்டில் குண்டு வெடித்த ஆலயத்தின் பொருளை முழுதும் உணர அரை நூற்றாண்டுக்குமேல் ஆயிற்று என்பது மிகையாகாது.

கிளேபார்ன் ஆலயத்தின் முடிவு துயரமானது. புதுப்பிக்கும் வேலை நடைபெற்றுக்கொண்டிருந்த காலத்தில், 2025 ஏப்ரல் 28-ஆம் நாள் அதிகாலையில் அது தீக்கிரையாயிற்று. 2017-இல் திருத்தி எழுதப்பட்ட பதிவு மட்டும் இல்லாதிருந்தால், அரசின் ஏட்டில் எஞ்சியிருப்பது வளைவுகளையும் கல்லையும் பற்றிய பழைய குறிப்பே.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, சபைக்கும் ஊருக்கும் இடையே எழும் வழக்கு நல்லவருக்கும் தீயவருக்கும் இடையே எழும் வழக்கன்று. பாஸ்டனிலும் பேர்னியிலும் வாஷிங்டனிலும் இருதரத்தாருக்கும் நியாயம் இருந்தது. இரண்டாவது, சட்டம் கேட்கும் கடமையைத்தான் சுமத்த முடியும். கேட்கத்தக்கதைச் சொல்லும் கடமை வரலாற்றாசிரியருடையது. மூன்றாவது, கட்டடத்தின் அழகு மட்டும் எழுதப்பட்ட இடத்தில் எளிய மக்களின் வரலாறு விடுபட்டுப் போகிறது. அவ்வாறு விடுபட்டது, எழுதியவர் பொய்யுரைத்ததால் அன்று. அவர் கேளாமல் விட்டதால்.

போதகர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் நேரான பாடம் உண்டு. பழைய ஆலயம் போதாமல் புதிய ஆலயம் எழுப்ப வேண்டிய நிலை எந்தச் சபைக்கும் வரக்கூடும். பழையது யாவும் நிற்க வேண்டும் என்று இக்கட்டுரை வாதிக்கவில்லை. ஆனால் இடிப்பதற்கு முன் செய்யத்தக்கவை உள. கட்டடத்தை அளந்து வரையலாம். உள்ளும் புறமும் நிழற்படமெடுக்கலாம். கல்வெட்டுகளையும் கணக்கேடுகளையும் பாதுகாக்கலாம். எந்த வாசலால் யார் வந்தனர், எவ்விடத்தில் யார் அமர்ந்தனர், யார் வெளியே நிற்க நேர்ந்தது என்று முதியோரிடம் கேட்டு எழுதலாம். இதற்குப் பட்டம் தேவையில்லை, பெருஞ்செலவும் இல்லை. நாலு வாரப் பொறுமை போதும்.

யோர்தானைக் கடந்த மக்கள் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டியதை யோசுவாவின் புத்தகம் கூறுகிறது. பிற்காலத்தில் பிள்ளைகள் அவற்றைப்பற்றிக் கேட்பார்கள் என்பதே அங்குச் சொல்லப்படும் காரணம். கல்லை நாட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் நம் சபைகளில் இன்று யார் என்பதை நாம் எண்ணிப்பார்ப்பது நல்லது.